உங்கள் தங்கச்சியின் அளவு அட்டைகள்

பெருமதிப்புக்குரிய பெரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கச்சியின் வீட்டுக்காரன், இன்னும் அந்தப் பதவியில் இருப்பதாக நம்பிக்கொண்டு, தலை குனிந்து எழுதுவது. அங்கே நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் ஒரு குறையும் இல்லாமல் இருப்பீர்கள். உங்கள் நல்ல மனசுக்கு அப்படித்தான் இருக்க வேண்டும். இங்கே சௌக்கியமாக இருப்பது தையல் மெஷின் ஒன்றுதான். அது உறையைப் போர்த்திக்கொண்டு பன்னிரண்டு நாளாக ஓய்வெடுக்கிறது. என்னைப் பற்றி விசாரிக்காதீர்கள். விசாரிக்கும் அளவுக்கு நான் யோக்கியன் இல்லை.

உங்கள் தங்கச்சி உங்கள் வீட்டுக்கு ஒரு பையோடு வந்து இறங்கியபோது, "சும்மா அண்ணனைப் பார்க்கணும்னு தோணிச்சு" என்று மட்டும் சொல்லியிருப்பாள். என்னைப் பற்றி ஒரு வார்த்தை குறைவாகப் பேசியிருக்கமாட்டாள். அது அவள் குணம். ஆகையால் என் குட்டை நானே உடைத்துக்கொள்ள வேண்டியதாகிவிட்டது. இந்தக் கடிதத்தை நீங்கள் கூடத்தில் உட்கார்ந்து, அவள் சமையலறையில் இருந்தாலும் காதில் விழும்படி, கொஞ்சம் உரக்கப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இருமல் வந்தால் நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டுத் தொடருங்கள். விட்டுவிட வேண்டாம்.

நான் தண்ணீர் வாரிய அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருடம் தபால் பிரிவில் உட்கார்ந்து, வந்த காகிதத்தின் மேலெல்லாம் 'பெறப்பட்டது' என்று முத்திரை குத்தியவன் என்பது உங்களுக்குத் தெரியும். ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருக்கவில்லை. சாப்பிட்டு முடித்ததும் தானாக மேஜையைக் குத்தும். உங்கள் தங்கச்சி பத்து நாள் பொறுத்துப் பார்த்தாள். பதினோராம் நாள், "என்னங்க, நூலகத்து மாடியில ரிட்டையர் ஆனவங்களுக்கு அச்சுப்படம் போடச் சொல்லித் தர்றாங்களாம். போய்ச் சேருங்க. இல்லேன்னா நானே உங்களை எங்கேயாவது சேர்த்துட்டு வந்துடுவேன்" என்றாள். எங்கே சேர்ப்பாள் என்று கேட்கவில்லை. மறுநாளே போய்ச் சேர்ந்தேன். முத்திரை குத்துவதற்கும் அச்சடிப்பதற்கும் பெரிய வித்தியாசம் இருக்காது என்று நினைத்தேன். அந்த நினைப்புத்தான் பிழைப்பைக் கெடுத்தது.

சொல்லிக் கொடுத்தது என் மகள் வயசுப் பெண். எப்போதும் முழங்கை வரை மை அப்பியிருக்கும். அதனால் வகுப்பில் எல்லாருக்கும் அவர் மைக்கை டீச்சர். வித்தை இதுதான்: ஓர் அட்டையில் கயிறு, துணி, உப்புத்தாள் என்று கையில் கிடைத்ததையெல்லாம் ஒட்டு, மேலே வார்னிஷ் அடி, காய்ந்ததும் மையை அப்பித் துணியால் துடைத்து எடு, பள்ளத்திலும் கீறலிலும் மட்டும் மை தங்கும், மேலே ஈரத்தாளை விரித்து உருளைக்கு அடியில் விட்டால் ஒட்டியதெல்லாம் தாளில் படமாக இறங்கும். கேட்பதற்கு எவ்வளவு சாதுவாக இருக்கிறது பாருங்கள். நான் முதலில் குளியலறைக் கால்மிதியை அச்செடுத்தேன். அப்புறம் சைக்கிள் டியூப். அப்புறம் மீன் ஒன்றுக்கு மை பூசி அச்செடுத்தேன். படம் செதிலுக்குச் செதில் அபாரமாக வந்தது. மீனைக் கழுவிச் சமையலறையில் திரும்ப வைத்ததுதான் தப்பு. அன்று மதியம் சட்டி நீலமாக இருந்தது, மூன்று நாள் எங்கள் நாக்கும் நீலமாக இருந்தது. ஏதோ ஒரு விடுதி மூடியபோது அதன் சலவை அறையிலிருந்த பெரிய துணி பிழியும் உருளையை வாங்கி வந்து கூடத்தில் நிறுத்தினேன்; அது முதல் வாரத்திலேயே என் முழுக்கைச் சட்டையின் ஒரு கையைத் தின்றது, நல்லவேளை உள்ளே இருந்த கையை விட்டது. மை தடவிய பலகையின் மேல் தெரியாமல் உட்கார்ந்து எழுந்து, அப்படியே எதிர்வீட்டுக்குப் போய், அவர்களுடைய வெள்ளை சோபாவில் உட்கார்ந்து அரை மணி நேரம் பேசிவிட்டு வந்தேன். கணக்குப்படி அதுதான் என்னுடைய முதல் பொதுக் கண்காட்சி.

இத்தனைக்கும் உங்கள் தங்கச்சி முகம் சுளிக்கவில்லை. சோபா உறையை வாங்கி வந்து தானே மாற்றித் தைத்துக் கொடுத்தாள். வெட்டுத் துணி, பட்டன், பழைய லேஸ் என்று ஒரு பெட்டி நிறைய எனக்கென்று ஒதுக்கி வைத்தாள். படத்தைக் கொண்டுபோய்க் காட்டினால் மெஷினை நிறுத்திவிட்டு, மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்ப்பாள். "நல்லாத்தான் இருக்கு. எது மேல்பக்கம்?" என்பாள். அதைவிட நேர்மையான விமர்சனம் எனக்கு வேறு யாரிடமும் கிடைக்கவில்லை.

இப்படியே கால்மிதியோடும் கயிற்றோடும் நின்றிருந்தால் குடும்பம் பிழைத்திருக்கும். வருடக் கடைசியில் மாடிக் கூடத்தில் கண்காட்சி என்று டீச்சர் அறிவித்தார். "எல்லாரும் வெளியிலேயே தேடுறீங்க. உங்க வீட்டுல தினமும் கண்ணுல படற, ஆனா நீங்க ஒருநாளும் பார்க்காத பொருள் ஒண்ணு இருக்கும். அதைக் கொண்டுவாங்க" என்றார். அடுத்த வகுப்புக்கு எங்களோடு படிக்கும் பல் டாக்டர், தன்னிடமிருந்த பழைய பல்செட்டுகளையெல்லாம் வரிசையாக ஒட்டி அச்செடுத்துக்கொண்டு வந்தார். தாள் முழுக்கப் பல், மச்சான். டீச்சர் கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு, "ஐயோ, என்ன ஒரு யோசனை!" என்றார். கன்னத்தில் மை ஒட்டிக்கொண்டது, அதைக்கூடக் கவனிக்கவில்லை. அறுபது வயதில் எனக்குப் பொறாமை வந்தது. பள்ளிக்கூடத்துப் பையனுக்கு வருமே, அந்த மாதிரிப் பொறாமை.

வீட்டுக்கு வந்தேன். மெஷினுக்குப் பின்னால், சுவர் நெடுகக் கொக்கிகளில் உங்கள் தங்கச்சியின் அளவு அட்டைகள் தொங்கிக்கொண்டிருந்தன. நீங்களும் பார்த்திருப்பீர்கள். வாடிக்கையாகத் தைக்கக் கொடுக்கும் ஒவ்வொருவருக்கும் முதுகு, முன்பக்கம், கை என்று பழுப்பு அட்டையில் அவரவர் அளவுக்கு வெட்டி, மேலே ஒரு துளை போட்டு மாட்டி வைத்திருப்பாள். இருநூறுக்குக் குறையாது. அட்டையின் மேல் பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதியிருப்பாள். அவளுக்கு எதையும் அழுத்தி எழுதித்தான் பழக்கம். பேர் எழுதமாட்டாள், மருந்துக்கடை, மேனேஜரம்மா, பாட்டு டீச்சர் என்று அடையாளம் மட்டும். அதற்குக் கீழே சில குறிப்புகள். பழைய அட்டைகள்தானே, இனி வேண்டியிருக்காது என்று நினைத்து, ஏழு பேருடையதை எடுத்தேன். எழுதியிருந்ததை நான் கவனிக்கவில்லை.

இல்லை மச்சான். உரக்கப் படிக்கச் சொல்லிவிட்டுப் பொய் எழுதக்கூடாது. பழைய அட்டை இல்லை என்று தெரியும். கவனித்தேன். ஒவ்வொன்றாக இறக்கி, நின்றபடியே படித்தேன். மருந்துக்கடை: 'வலது தோள் தூக்கல். இடுப்பு வருஷத்துக்கு ஒரு இஞ்ச். கேட்டால் போன வருஷ அளவுதான்னு சொல்லு.' மேனேஜரம்மா: 'பின்பக்கம் தாராளம். கீழே அகலமா விட்டு மறை.' பாட்டு டீச்சர்: 'ஒரு பக்கம் பெரிசு. உள்ளே பஞ்சு வை. அவங்களுக்கே தெரியாது. சொல்லாதே.' படித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். உங்கள் தங்கச்சி அப்போது பள்ளிக்கூடச் சீருடைக் குவியலுக்கு நடுவில் தலை நிமிராமல் தைத்துக்கொண்டிருந்தாள். "என்னங்க சிரிப்பு?" என்றாள். "ஒண்ணுமில்ல, ஒரு பழைய ஜோக்" என்றேன். இருப்பதிலேயே நல்ல குறிப்பாகப் பார்த்துத்தான் ஏழு அட்டை எடுத்தேன். இதை எழுதும்போது எனக்கே என் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

எனக்கென்று ஒரு சமாதானம் வைத்திருந்தேன். அச்சு என்றால் கண்ணாடியில் தெரிவதைப் போல எல்லாம் இடம் வலம் மாறித்தான் விழும். பேனா அழுத்திய கீறலில் மை தங்கி, எழுத்தெல்லாம் அட்சரம் பிசகாமல், ஆனால் திரும்பி விழுந்தது. பார்க்க என்னமோ பாறையில் செதுக்கியது மாதிரி இருந்தது. பல் டாக்டரே கிட்டே வந்து, "என்ன சார் இது, செத்துப்போன பாஷையா?" என்றார். "அப்படித்தான் வெச்சுக்கங்களேன்" என்றேன். அவர் முகம் வாடியதில் எனக்கு உண்டான ஆனந்தத்தை நான் மறைக்கப் போவதில்லை. பெரிய தாள், ஏழு படம், ஒவ்வொன்றும் அட்டையின் அசல் அளவு. மைக்கை டீச்சர் என் படங்களை நுழைந்ததும் கண்ணில் படும் சுவரில் மாட்டினார். 'அளவுகள்' என்று தலைப்பும் வைத்தார்.

கண்காட்சிக்கு உங்கள் தங்கச்சி வரவில்லை. சீருடைகளைத் திங்கட்கிழமைக்குள் கொடுத்தாக வேண்டும். ஆனால் தைக்கக் கொடுக்க வருகிறவர்களில் ஒருவரையும் விடாமல், "எங்க வீட்டுக்காரர் படம் மாட்டியிருக்காங்க, நூலகத்து மாடியில. கட்டாயம் போய்ப் பாருங்க" என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள். இதை அழுத்திப் படியுங்கள் மச்சான். அவள்தான் அனுப்பினாள். பெருமையாக அனுப்பினாள்.

எல்லாரும் வந்தார்கள். முதல் அரைமணி நேரம் நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கழுத்தைச் சாய்த்து, பெரிய கலைஞன் மாதிரி நடமாடினேன். மருந்துக்கடைக்காரம்மா வந்து, "சார், உங்க படத்துக்கு முன்னால நின்னு ஒரு செல்ஃபி எடுத்துக்கறேன், பொண்ணுக்கு அனுப்பணும்" என்றார். என் போதாத காலம், "இப்படி வாங்க, இங்கதான் வெளிச்சம் நல்லா இருக்கு" என்று நானே கையைக் காட்டி, அவருடைய அட்டைக்கு முன்னாலேயே நிறுத்தினேன். அவர் ஃபோனைத் தூக்கிப் பிடித்தார். சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. கண்ணை இடுக்கிக்கொண்டு ஃபோனைப் பார்த்தார். தன்னைத்தானே எடுத்துக்கொள்ளும்போது ஃபோன் கண்ணாடி மாதிரி எல்லாவற்றையும் திருப்பிக் காட்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. ஏற்கெனவே திரும்பியிருந்த எழுத்து, இன்னொரு தடவை திரும்பி, அந்தச் சின்னத் திரையில் நேராக நின்றது.

"சார், இது நம்ம எழுத்து மாதிரி இருக்கே... ம-ரு-ந்-து... மருந்துக்கடை. வலது தோள் தூக்கல்..." அவர் கடையில் சீட்டுப் படித்துப் பழகியவர், எதையும் உரக்கத்தான் படிப்பார். 'வருஷத்துக்கு ஒரு இஞ்ச்' வரைக்கும் படித்துவிட்டு, நிறுத்தி, தன் இடுப்பைக் குனிந்து பார்த்தார்.

அப்புறம் நடந்ததைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். கூடத்தில் இருந்த அத்தனை பேரும் ஃபோனை எடுத்தார்கள். கண்காட்சிக்கு வந்தவர்கள் எல்லாரும் படத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படம் பார்த்தார்கள். மைக்கை டீச்சர் என் பக்கம் ஓடி வந்து, "சார், பாருங்க! பார்க்கறவங்களையும் படத்துக்குள்ள இழுத்துட்டீங்க! இதை நீங்க யோசிச்சே செஞ்சீங்களா?" என்றார். மேனேஜரம்மா தன் அட்டையைக் கண்டுபிடித்துப் படித்து முடித்து, என்னை மேலும் கீழும் பார்த்தார். வங்கியில் கடன் விண்ணப்பத்தைப் பார்ப்பது போல நிதானமாகப் பார்த்தார். பாட்டு டீச்சர் உரக்கப் படிக்கவில்லை. மெதுவாகப் படித்தார். இரண்டு தடவை படித்தார் என்று நினைக்கிறேன். ஃபோனை அணைத்தார். கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் படியிறங்கிப் போனார். அந்தப் படி ஒவ்வொன்றும் எனக்கு இன்னும் கேட்கிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், பாதிக் கிணறு தாண்டி என்ன பிரயோஜனம். மைக்கை டீச்சர் அப்படிப் புகழ்ந்தாரே, அந்த நிமிஷத்திலும் எனக்குள் ஏதோ ஒரு மூலையில் சந்தோஷமாகத்தான் இருந்தது. பல் டாக்டர் கேட்டிருப்பாரா என்று திரும்பிப் பார்த்தேன்.

வீட்டுக்குப் போனதும் உங்கள் தங்கச்சி ஊசியைப் பல்லில் கடித்தபடியே, "எப்படி இருந்துச்சு? யாரெல்லாம் வந்தாங்க?" என்றாள். "எல்லாரும் வந்தாங்க. ரொம்ப நேரம் நின்னு பார்த்தாங்க" என்றேன். அதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. நான் சொன்ன பொய்களிலேயே கேவலமானது அதுதான். "நான்தான் சொன்னேன்ல, நல்லா வரும்னு" என்று சொல்லிவிட்டு அவள் மறுபடி தைக்க ஆரம்பித்தாள்.

மறுநாள் காலையில் மேனேஜரம்மா வந்தார். தைக்கக் கொடுத்த துணியைத் திருப்பிக் கேட்டார். "இப்ப அவசரம் இல்லம்மா, அப்புறம் பார்த்துக்கலாம்." அவ்வளவுதான். அடுத்து ஒருவர். மதியத்துக்குள் ஒன்பது பேர். யாரும் சத்தம் போடவில்லை, யாரும் உட்காரவில்லை. சண்டை போட்டிருந்தால் நான் நடுவில் விழுந்து காலைப் பிடித்திருப்பேன். எல்லாரும் மரியாதையாக நடந்துகொண்டு என்னை ஒன்றும் செய்ய விடாமல் பண்ணிவிட்டார்கள். உங்கள் தங்கச்சி ஒன்றும் புரியாமல், வெட்டாத துணியை எல்லாம் மடித்து மடித்துக் கொடுத்தாள். கடைசியாக வந்தவர்தான் தன் ஃபோனைக் காட்டினார். இவள் அதைப் பார்த்தாள். சுவரில் காலியாக இருந்த ஏழு கொக்கிகளைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை.

அவர் போன பிறகுதான் பேசினாள். கத்தவில்லை. "ஒருத்தி என் முன்னால வந்து ரெண்டு கையையும் தூக்கிட்டு நிக்கிறாளே, எதை நம்பி நிக்கிறான்னு நெனச்சீங்க?" என்றாள். நான், "எழுத்து திரும்பித்தான்..." என்று ஆரம்பித்தேன். அப்போது வாயை மூடத் தெரிந்திருந்தால் நான் மனுஷன். மெஷினுக்கு உறையைப் போட்டாள். பையை எடுத்தாள். சீருடைகளை எதிர்வீட்டில் கொடுத்து, பள்ளிக்கூடத்தில் சேர்க்கச் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினாள். எனக்கு அந்த வேலையைக் கூட நம்பிக் கொடுக்கவில்லை.

சும்மா இருக்க முடியாமல், மன்னிப்புக் கேட்கப் புறப்பட்டேன். அது அச்சடித்ததைவிட மோசமாகப் போயிற்று. மருந்துக்கடையில் எனக்குப் பின்னால் ஏழு பேர் நின்றார்கள். என் முறை வந்ததும், "என்ன வேணும்?" என்றார் அந்தம்மா. மனப்பாடம் செய்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோய், "உங்க இடுப்பு விஷயமா வந்தேன்" என்று சொல்லிவிட்டேன். எனக்குப் பின்னால் இருமிக்கொண்டிருந்தவர் இருமலை நிறுத்தினார். "சார், மருந்து வேணுமா, வேண்டாமா?" என்றார் அந்தம்மா. மூன்று புட்டி இருமல் மருந்தோடு வெளியே வந்தேன். வங்கியில் மேனேஜரம்மா என்னைத் தன் அறைக்குள் கூப்பிட்டு உட்கார வைத்து, "நான் எவ்வளவு பெரிய அதிகாரின்னு ஊருக்கே தெரியும் சார். என் பின்பக்கம் எவ்வளவு பெரிசுன்னு உங்க வீட்டம்மா ஒருத்தருக்குத்தான் தெரிஞ்சிருந்தது" என்று சொல்லி, அடுத்தவரை அனுப்பச் சொன்னார். பாட்டு டீச்சர் வீட்டு வாசலுக்கு மூன்று நாள் போனேன். நான் வாசலில் நின்றதும் உள்ளே பாட்டு நிற்கும். கதவு திறக்காது. நான் தெருமுனை திரும்பியதும் பாட்டு மறுபடி ஆரம்பிக்கும். மூன்று நாளும் அப்படித்தான். நாலாம் நாள் போகவில்லை. அவர் பாடவாவது செய்யட்டும்.

மீதி அட்டைகளையாவது ஒழுங்காக மாட்டி வைப்போம் என்று ஒருநாள் சுவர்ப்பக்கம் போனேன். கடைசிக் கொக்கியில், எல்லாவற்றுக்கும் அடியில், ஒரு ஆம்பளைச் சட்டை அட்டை. 'வீட்டுக்காரர்' என்று எழுதியிருந்தது. படிக்கக்கூடாது என்று நினைத்தேன், படித்தேன். வருஷா வருஷம் ஒரு வரி எழுதியிருக்கிறாள். கழுத்து கால் இஞ்ச். வயிறு ஒரு இஞ்ச். கடைசி வரி நான் ஓய்வு பெற்ற மாதம்: 'இடது தோள் முக்கால் இஞ்ச் இறங்கிப்போச்சு. உள்ளே பட்டை வை. வெளியே தெரியக்கூடாது. கேட்டால் துணி சுருங்கிடுச்சுன்னு சொல்லு.' நான் கேட்டிருக்கிறேன், மச்சான். சட்டை தோளில் என்னமோ தடிப்பாக இருக்கிறதே என்று கேட்டிருக்கிறேன். துணி சுருங்கிவிட்டது என்றாள். நான் அதை நம்பி, துணிக்கடைக்குப் போய், இப்படிச் சுருங்குகிற துணியை விற்கலாமா என்று அந்த மனிதரிடம் ஒரு மணி நேரம் சண்டை போட்டுவிட்டு வந்தேன். அவரும் பாவம், வேறு துணி கொடுத்தார். அதிலும் இவள் பட்டை வைத்துத்தான் தைத்தாள். நான் தோளை நிமிர்த்திக்கொண்டு கண்காட்சியில் நடமாடினேனே, அந்தச் சட்டை அதுதான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தக் குறிப்புகளில் ஒன்றுகூடக் கேலி இல்லை. ஒவ்வொருவருடைய குறையையும் கண்டுபிடித்து, வெளியே தெரியாமல் தைப்பதற்காக எழுதி வைத்தது. நான் அதைச் சிரிப்பதற்கு எடுத்தேன், சட்டம் போட்டு மாட்டினேன், கலை என்று பேர் வைத்தேன். அவள் உள்ளே வைத்துத் தைத்ததையெல்லாம் நான் வெளியே எடுத்துப்போட்டேன். என்னுடையதை மட்டும் யாரும் பார்க்கவில்லை. உங்களுக்கும் ஒரு அட்டை இருந்தது. அதில் இருப்பதைச் சொல்லமாட்டேன். இனி எந்த அட்டையையும் யாருக்கும் வாசித்துக் காட்டுவதில்லை. உங்கள் கோட்டு உங்களுக்கு எப்போதும் கச்சிதமாக இருக்கிறது, அதற்குக் காரணம் நீங்கள் இல்லை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஆகவே, தண்டனையை நானே எனக்கு விதித்துக்கொண்டேன். ஏழு படங்களையும் சுவரிலிருந்து இறக்கி, வீட்டுக்குக் கொண்டுவந்து, கூடத்துத் தரையில் உட்கார்ந்து என் கையாலேயே கிழித்துவிட்டேன். முதலாவதை நான்காக, இரண்டாவதை எட்டாக, பாட்டு டீச்சருடையதைக் கணக்கில்லாமல். மை டப்பாக்களைக் குப்பையில் போட்டேன். உருளையைப் பழைய இரும்புக்காரரிடம் தள்ளிவிட்டேன். வார்னிஷ் குடித்துப் பலகையாகிப்போன அந்த ஏழு அட்டைகளை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. சுரண்டிப் பார்த்தேன், தோல் தோலாக உரிந்துபோயிற்று. அதற்கு என்ன ஈடு செய்வேன் என்று தெரியவில்லை. இனி தூரிகை, மை, பசை எதையும் தொடுவதில்லை. உங்கள் தங்கச்சியிடம் இதைச் சொல்லி, ஒரே ஒரு தடவை வீட்டுக்கு வந்து பார்க்கச் சொல்லுங்கள். என்னோடு பேச வேண்டாம். மெஷினோடு பேசினால் போதும்.

பெரியவர் உங்களுக்கு என் வணக்கத்தையும், அக்காவுக்கு என் மன்னிப்புக் கோரிக்கையையும், பிள்ளைகளுக்கு, மாமாவைப் போல ஆகிவிடாமல் இருக்கும்படி என் ஆசீர்வாதத்தையும் தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
நிமிர்ந்து உட்காரக் கூசும் உங்கள் மச்சினன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் ஃபோன் வந்தது. உங்கள் வீட்டு எண். நீங்கள்தான் என்று எழுந்து நின்றுகொண்டு எடுத்தேன். நீங்கள் வெளியே போயிருந்தீர்களாம். உங்கள் தங்கச்சி பேசினாள். மருந்துக்கடைக்காரம்மா வேறு கடையில் ஒன்று தைத்துப் போட்டிருக்கிறார். போட்டுக்கொள்ள முடிந்ததாம், கழற்றத்தான் இரண்டு பேர் வேண்டியிருந்ததாம். பழையபடி இவளே தைத்துக் கொடுக்க வேண்டும் என்று கூப்பிட்டுச் சொன்னாராம். "அட்டைதான் போச்சே. அந்தப் படமெல்லாம் அசல் அளவுதானே? இருக்கா, தொலைச்சுட்டீங்களா?" என்று கேட்டாள். நான், "எழுத்தும் வெட்டும் இடம் வலம் மாறி இருக்குமே" என்றேன். "தாளைத் திருப்பிப் போட்டு வெட்டினா சரியாப் போச்சு. இருக்கா இல்லையா?"

இருக்கிறது, மச்சான். மேலே நான் எழுதிய கிழித்த பத்தி முழுக்கப் பொய். நான்காகவும் இல்லை, எட்டாகவும் இல்லை. ஏழும் கட்டிலுக்கு அடியில், நடுநடுவே மெல்லிய தாள் வைத்து, கசங்காமல் இருக்கின்றன. உருளை மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது. அவளிடம், "இருக்கு" என்றேன். "தெரியும். உங்களுக்கு மனசு வராது" என்றாள். நாளைக் காலை பஸ்ஸில் வருகிறாளாம். ஆறு படத்தையும் கோட்டோடு கத்தரிக்கப் போகிறாள், நான் தாள் நகராமல் பிடித்துக்கொள்ள வேண்டுமாம். ஏழாவது பாட்டு டீச்சருடையது. "அவங்க இனி வரமாட்டாங்க. அவங்க அளவு எனக்கு மனப்பாடம். அந்த ஒண்ணை நான் வர்றதுக்குள்ள நீங்களே கிழிச்சுடுங்க" என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டாள்.

கிழித்துவிட்டேன். இந்தத் தடவை சத்தியமாக. என் படங்களிலேயே நன்றாக வந்தது அதுதான். மேலே எழுதிய பொய்யில் ஏழில் ஒரு பங்கு இப்போது உண்மையாகிவிட்டது. உரக்கப் படிக்க வேண்டாம். கேட்க வேண்டியவள் இது வந்து சேர்வதற்குள் கிளம்பியிருப்பாள். இந்தக் கடிதத்துக்கும் இனி வேலை இல்லை, இதையும் கிழித்துப் போட்டிருக்க வேண்டும்தான். ஆனால் ஒரு நாளைக்கு ஒன்றுதான் முடிகிறது, மச்சான்.